அறுபத்து மூன்றாவது நிமிடம்

சாவி கதவில் நுழையும் விதத்திலேயே
தெரிந்துவிடும் எனக்கு,
எந்த அணி தோற்றது,
எத்தனை பேர் எச்செபார்னேயை ஏசினார்கள் என்று.

பைசாந்துவில் ஞாயிறுதோறும்
என் மாமியாரை இழுக்காத வாயில்லை.
பாவம், அவள் செத்துப் பதினோரு வருடம்.
வேலிக்கம்பியில் தொற்றிக்கொண்டு
பல் டாக்டர் திட்டுவார், ரொட்டிக்கடைக்காரி திட்டுவாள்,
ஞானஸ்நானத்தில் எங்கள் மகனைக் கையில் ஏந்திய
ஒலேகாரியோவும் திட்டுவான்.
திங்கள் காலை அவனே வந்து
ஏணி இரவல் கேட்பான்.
இவர் எடுத்துக் கொடுப்பார்.

கறுப்புச் சட்டையை நாற்காலியில் எறிந்துவிட்டு
இரண்டு தட்டு சூப்.
"குருடன் என்றார்கள். அது பழசு.
விலைபோனவன் என்றார்கள்.
எவ்வளவுக்கு என்று கேட்டுச் சொல், ஸுல்மா,
கூரை ஒழுகுகிறது."
படுத்ததும் குறட்டை.
இருபத்திரண்டு வருட வசவும்
எருமைமேல் பெய்த மழை.

மார்ச் கடைசி ஞாயிறு
சாவி இரண்டு முறை துவாரம் தவறியது.
சூப் ஆறியது.
யாராவது அடித்தார்களா என்றேன்.
இல்லை.
சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.
பிறகு, திருட்டை ஒப்புக்கொள்பவர் குரலில்:
"நன்றாக நடத்தினீர்கள் என்றான்."
யார்?
"நார்தோ. கோல்கீப்பர்."
ஜெயித்தவர்களுடைய கோல்கீப்பரா?
"மூன்று வாங்கித் தோற்றவன்.
அதுதான் புரியவில்லை."

இரவு இரண்டு மணிக்குச் சமையலறையில் விளக்கு.
மேசைமேல் ஒரு மைதானம்:
வெள்ளை மொச்சை ஓர் அணி,
கறுப்பு மொச்சை ஓர் அணி,
உப்பு டப்பா நார்தோ.
அறுபத்து மூன்றாவது நிமிடத்தை
மொச்சை மொச்சையாக நகர்த்தி
திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தார்.
"இங்கே நான் பார்க்கவே இல்லை.
வெயில் கண்ணில்.
விசிலை வாய் தானாக ஊதிவிட்டது.
பெனால்டி கொடுத்தேன். அவனுக்கு எதிராகத்தான் கொடுத்தேன்.
அப்படியிருக்க எப்படி..."
ஒருவேளை உண்மையிலேயே நன்றாக,
என்று தொடங்கினேன்.
"உனக்குக் கால்பந்து தெரியாது" என்றார்.

திட்டு வந்தால் எங்கே போடுவதென்று
இந்த வீட்டுக்குத் தெரியும்.
இந்த ஒரு வாக்கியத்துக்கு அலமாரியில் இடமில்லை.
வாரம் முழுக்க அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு
அறை அறையாக நடந்தார்.
ஏணி கேட்டு வந்த ஒலேகாரியோவிடம்
"என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய்?" என்று கேட்க
அவன் ஏணியை விட்டுவிட்டே போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு நானும் போனேன், முதல்முறையாக.
தெர்மோஸை அக்குளில் இடுக்கிய ஆண்களுக்கு நடுவே
இடம்பிடித்து நின்றேன்.
ஒவ்வொரு விசிலுக்குப் பிறகும்
அவர் தலை லேசாகத் திரும்பியது,
வேலிப் பக்கம்,
விடைத்தாளுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல.
பந்து ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம்.
கையால் தட்டிய பந்தைக் கோல் என்றார்.
மைதானமே எழுந்தது.
பக்கத்தில் நின்றவள்
என் மாமியாரை முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்:
"இவனுக்கெல்லாம் பெண்டாட்டி வேறு!"
சொல்லிவிட்டு, மூச்சு வாங்க,
பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள்.
ஒன்று எடுத்துக்கொண்டேன்.

அன்று சாவி ஒரே குத்தில் நுழைந்தது.
இரண்டு தட்டு சூப்.
குறட்டை.

இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான்
மருந்துக்கடையில் வேலைக்கு நடுவே வாயைத் திறந்தேன்.
திறந்து, மூடிக்கொண்டேன்.
ஏனென்றால் அதற்கு முந்தைய நாள்
முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்திருந்தேன்.
அவர் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்து
"உனக்குப் பொருத்தமாக இருக்கிறது" என்றார்.
நான் கேட்டேன்:
"எதை உடைத்தீர்கள்?"

செய்தித்தாள் மறுபடி உயர்ந்தது.
உள்ளே போய்
கண்ணாடி டம்ளர்களை எண்ணினேன்.
ஆறும் இருந்தன.
கெட்டிலின் வயிற்றில்
முகம் அகலமாக விழுந்திருந்தது,
முடி சரியாகத் தெரியவில்லை.
விளக்கைப் போட்டுக்கொண்டு
இன்னொரு தடவை பார்த்தேன்.