ஆளைக் காணல்ல

ஐப்பசி பிறந்து பதினொரு நாள்.
மண்முனைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது.
காத்தான்குடி மெயின் வீதியில்
சைக்கிளைத் தூணோடு சாத்திப் பூட்டி
பூட்டை இன்னொருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக்
கடைக்குள் ஏறினேன்.

"மழைக்கோட்டு. சைக்கிளுக்கு."
"மோட்டச்சைக்கிளுக்கா?"
"இல்ல நானா, மிதிக்கிறதுக்கு."

றம்ஸீன் நானா ஏணி வைத்து இறக்கினார்:
கறுப்பு, கடும்நீலம், கறுப்பு, கரும்பச்சை.
பிரித்ததும் ஒரு மணம்,
எங்கள் வார்டு ரப்பர் விரிப்பின் அதே மணம்.
ஒன்று கழுத்திலிருந்து போர்வை மாதிரித் தொங்கியது.
ஹேண்டிலையும் மூடும், கூடையையும் மூடும்,
கல்லடிப் பாலத்துக் காற்றுக்கு
என்னையும் சைக்கிளையும் சேர்த்து வாவிக்குள் இறக்கும்.
மற்றது காற்சட்டையோடு.
யூனிபோமுக்கு மேலால் போடலாமா?
"போடலாம் தங்கச்சி, கழட்டுறதுதான் பாடு."

"மஞ்சள் இல்லையா?"
"மஞ்சள் ஆரு கேக்கிற? ரோட்டு வேலைக்காரர்தான்."
"எனக்கு மஞ்சள்தான் வேணும்."

அவர் காரணம் கேட்கவில்லை.
நானாகச் சொன்னேன்.
போன மாரியில் எங்கள் யோகமணி,
விடிய நாலே முக்கால், நாவற்குடா வளைவு.
லொறிக்காரன் பொலிசில் சொன்னது ஒரே கதை:
மழைக்குள்ள ஆளைக் காணல்ல.
எழுதிக்கொண்டார்கள். கையெழுத்து வைத்தான்.
அவள் போட்டிருந்தது கறுப்பு.
வாங்கி நாலு நாள்.
கறுப்பு வாங்கு, ஊத்தை தெரியாது என்று
சொல்லிக்கொடுத்தது நான்.

நானா உள்ளே போனார்.
பொலித்தீன் கிழியாத ஒரு பொதியோடு வந்தார்.
மஞ்சள். எக்ஸ்எல் மட்டும்.
மாரில் இரண்டும் முதுகில் ஒன்றுமாகச் சாம்பல் பட்டி.
"இது மினுங்குமா?"
"மினுங்கும் எண்டு எழுதிக் கிடக்கு."
"பாத்துத்தான் எடுப்பன். மறுகா வந்து மாத்த ஏலாது."

கடைப் பெடியன் ஷட்டரை அரைவாசி இறக்கினான்.
லைட்டை அணைத்தான்.
கோட்டைப் போட்டுக்கொண்டு கடைக் கோடியில்,
சாரக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.
நானா ஃபோன் டோச்சை என்மேல் அடித்தார்.

கை இரண்டும் தன்பாட்டில் உயரப் பார்த்தன.
பதினாறு வயது. சென்ரி.
இறங்கி உருட்டிக்கொண்டு போ.
தெரியாமல் போவதற்காகத்தான் அப்போதெல்லாம் உடுத்தினோம்,
மங்கல் பாவாடை, நிலத்தின் நிறத்தில் சட்டை.
சின்னக்கா டைனமோ வயரைக் கூடப் பிடுங்கி வைத்திருந்தாள்.

"மினுங்குது!" என்றான் பெடியன்.
"கண் கூசுது அக்கா!"

மூவாயிரத்து எண்ணூற்றைம்பது.
மூவாயிரத்து நானூறு என்றேன்.
ஐந்நூறு என்றவர்
நானூறையே எண்ணி லாச்சிக்குள் போட்டார்.
மினுங்கு பட்டியில் ஒரு சாண் வெட்டித் தந்தார்,
பின் மட்காட்டுக்கு. அதற்குக் காசு வாங்கவில்லை.

இன்று விடிய மழை.
கை நீளம், மடித்து ரப்பர் வளையம் போட்டேன்.
பாலத்தில் பின்னால் வந்த பஸ்
ஹோண் அடிக்காமல் மெதுவாகி, விலகிப் போனது.
ஒரு ஓட்டோக்காரன் நிறுத்திக் கேட்டான்,
"அங்கால ரோட்டு மூடியா மேடம்?"
"திறந்திருக்கு, போங்க" என்றேன்.
எனக்கென்ன தெரியும்.

உள்ளே வேர்வையில் தெப்பம்.
மூவாயிரத்து நானூறு ரூபாய்க்கு
மழைநீரில் நனையவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிச் சைக்கிள் கொட்டகையின் ஆணியில்
மாட்டிவிட்டு வேலைக்கு ஏறினேன்.
அம்புலன்ஸ் திரும்பும்போதெல்லாம்
அங்கே ஒருத்தி நிற்கிறாள்.
மூன்றாவது தரமாக
மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு
யன்னலால் எட்டிப் பார்க்கிறேன்.