அமைதிப் பெட்டி

அது வருவதற்கு முன்னால் என்ன வருகிறது
என்று கேட்டாள் வீட்ஸ்கே.
யெல்மர் யோசித்தான். ஒன்பது வயது.
"சட்டைக் காலரில் அளவு போட்ட
துண்டுத் துணி இருக்குமே,
அதைத் தோலுக்கு உள்பக்கம்
தைத்துவிட்ட மாதிரி."

மூன்று வருடமாக அவன் கழுத்தைப் பார்க்கிறேன்,
வெட்டி வெட்டித் திரும்புவதை,
கூடவே தெறிக்கும் அந்த "ஹக்" கை.
அந்தத் துணியை ஒருநாளும் பார்த்ததில்லை.

முதல் வாரம் எண்ணுவது மட்டும்தான்.
அரிப்பு தெரிந்ததும் அவன் விரல் தூக்க வேண்டும்,
வெட்டினால் நான் கோடு போட வேண்டும்.
பத்து நிமிடம்.
என் தாளில் இருபத்தாறு,
அவன் விரலில் முப்பத்தொன்று.
மீதி ஐந்து எங்கே என்றேன்.
"வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன."

அடக்கச் சொல்லவில்லை அவள்.
கழுத்துக்கு வேறு வேலை கொடு என்றாள்:
மோவாயைக் கொஞ்சம் இறக்கி
பின்கழுத்தை மெல்ல இறுக்கி
மூக்கால் மூச்சை விட்டபடி
அரிப்பு சலித்துப் போகும்வரை உட்கார்.
அவன் உட்கார்ந்தான்.
எவ்வளவு? ஒன்பது.
இப்போது? ஒன்பது.
இப்போது?
ஒன்பது என்றேனே!
கண்ணில் நீர் கட்டிவிட்டது.
மேசை மேல் இருந்த பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.
பிறகு, யாரையோ காட்டிக்கொடுக்கிறவன் போல,
எட்டரை.

குறையலாம் என்றாள் வீட்ஸ்கே,
காணாமல் போய்விடும் என்று சொல்ல மாட்டேன்.
அந்த நேர்மைக்காக அன்று அவள் மேல் கோபம் வந்தது.

பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.
அவன் சத்தம் போடும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?
ஒன்றும் செய்வதில்லை என்றேன்.
"மன்னிப்புக் கேட்பாள்" என்றான் யெல்மர்.
முடிவெட்டும் கடையில். நீச்சல் குளத்தில்.
மாடி வீட்டுக்காரரின் நாயிடம்கூட ஒருமுறை.

அவள் புதுத் தாள் ஒன்றை எடுத்து
மேலே என் பெயரை எழுதினாள்: ஃப்ரௌக்ய.
வீட்டுப்பாடம்:
உதட்டை மூடி, நாக்கை மேலண்ணத்தில் வைத்து,
மூக்கால் மூச்சு.

சனிக்கிழமை ஸ்வோலுக்கு, அவன் அப்பாவிடம்.
மற்ற பெட்டிகளில் கால் வைக்க இடமில்லை.
இருந்தது அமைதிப் பெட்டி,
கண்ணாடியில் அதை எழுதியும் ஒட்டியிருந்தார்கள்.
எதிரே குறுக்கெழுத்துப் போடும் ஒருவர்,
பென்சிலைக் கடித்துக்கொண்டு.
அஸ்ஸன் வரைக்கும் யெல்மரின் மோவாய் இறங்கியே இருந்தது,
காது மடல் சிவந்திருந்தது.
வண்டி கிளம்பியதும்
ஹக்.

பென்சில் நின்றது.
தலைகள் திரும்பின, சில திரும்பாமல் திரும்பின.
அப்போதுதான் தெரிந்தது எனக்கு,
என் தொண்டைக்கு உள்பக்கம்
அந்தத் துணி,
நாலு மூலையும் இழுத்துத் தைத்தபடி.
ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் போதும்,
எல்லாம் சரியாகிவிடும்,
அடுத்த சத்தம் வரைக்கும்.

உதட்டை மூடினேன்.
நாக்கு மேலண்ணத்தில்.
வெளியே தட்டையாக ஓடியது வயல்,
மாடுகள் இல்லாத ஈர வேலிகள்.

"எவ்வளவு?" என்று கிசுகிசுத்தான் மகன்.
அவனுக்கு எப்படித் தெரிந்தது?
விரலைத் தூக்கியிருக்கிறேன், என்னை அறியாமல்.
ஒன்பது என்றேன்.
தலையாட்டினான், அனுபவசாலி.
"மூச்சை வெளியே விடு. உள்ளே வைத்துக்கொள்ளாதே."

ஹக், ஹக்.
இந்த முறை தானாக வந்ததா, விட்டானா,
கேட்கவில்லை.
குறுக்கெழுத்துக்காரர் எங்களை ஒருமுறை பார்த்தார்.
அவர் முகத்தில் என்ன இருந்தது என்று
இப்போதும் எனக்குத் தெரியாது.
குனிந்து ஒரு கட்டத்தை அழித்தார்.

மெப்பலைத் தாண்டும்போது
ஏழு.
அதற்குக் கீழே இறங்கவில்லை.
ஸ்வோலில் கதவு திறந்ததும்
அவன்தான் முதலில் குதித்தான்,
கழுத்தை மூன்று முறை நன்றாக வெட்டிக்கொண்டு,
மழையில்.