பெயர்ச்சீட்டு இல்லாதது

கல்லடியில் இரவு எட்டு.
மூன்று கம்பெனிகளின் மேகங்களில்
நாற்பத்தொரு மெஷின் என் பொறுப்பு.
மும்பையில் பதினாறை அணைத்தேன்,
சிங்கப்பூரில் ஒன்பதை.
அயர்லாந்தில் இன்னும் பின்னேரம்,
அதுகள் வேலை முடியத் தாமே உறங்கும்.

ஒன்றுக்கு மட்டும் பெயர்ச்சீட்டு இல்லை.
ஆருடையதென்று மூன்று மெயில் போட்டாச்சு.
மாதம் நாற்பது டொலருக்குச்
சும்மா விழித்திருக்கிறது.

அணைக்கக் கை போன நேரம்
கரண்ட் போச்சு.
எங்கள் பகுதிக்கு ஒன்பதரை என்றுதான்
அட்டவணையில் இருந்தது.
ரவுட்டரின் பச்சைப் பொட்டும் செத்தது.

“ஆருடா நிப்பாட்டின?”
பக்கத்து வளவில் குகேந்திரன்
இருட்டைப் பார்த்துக் கத்துகிறார்.

எனக்கென்னவோ
பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது.

போனில் சிக்னல் ஒரு கோடு.
அந்த மெஷினுக்கு
இன்னுமொரு கிழமை தவணை கொடுத்தேன்.