என் பக்கத்து ஆள்

தொண்டியில் கடலைப் பார்த்த வீடு.
விற்பவரின் தரகர் ஜன்னலைத் திறந்து
'காத்தைப் பாருங்கம்மா' என்றார்.
காற்றில் பொய்யில்லை.

நான் அழைத்துப்போன செய்யது மீரான்
வாயே திறக்கவில்லை.
குழாயில் ஒரு கை பிடித்துக்
கொப்பளித்துத் துப்பினார்.
மாடிப்படிக்கு அடியில் சுவரைச் சுரண்டி
விரலை நாக்கில் வைத்தார்.
'கடல் மணல்ல பூசியிருக்கு.'

வாரிசுச் சான்றில் ஒரு தங்கை இருந்தாள்,
பத்திர நகலில் இல்லை.
தெருவில் எல்லோருக்கும் அவளைத் தெரியும்;
எனக்குச் சொல்ல
ஓர் ஆள் வேண்டியிருந்தது.

நான் வாங்கினால்தான் அவருக்குத் தரகு.
'வேணாம்மா' என்றார்.
முன்பணக் கட்டு என் பைக்குள்
ரப்பர் பேண்டோடு கிடந்தது.

பேருந்து நிலையத்து டீக்கடையில்
இன்னொரு கரண்டி சர்க்கரை கேட்டார்.
நாக்கில் அந்த வீடு
இன்னும் கரிக்கிறதாம்.