நெளிவடைப்பு

கிளாக்ஸ்விக் மீன் ஏலக்கூடத்தில்
சுவரை அடைத்து ஒரு திரை.
படகுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு நிறம்.
நேரத்துக்குக் கரை சேர்ந்தால் பச்சை,
பிந்தி வந்தால் மஞ்சள்.
நிறம் பூசுவது நான், ஓலுவா,
தூரிகை என் நடைதாள்.

துறைமுகம் அனுப்பும் எக்ஸ்எம்எல்லில்
நிறம் என்று எதுவும் கிடையாது.
பெயர், எடை, வந்த நேரம், அவ்வளவுதான்.
மிச்சத்தை ஓடுகிற ஓட்டத்தில்
நான் பிறப்பிக்க வேண்டும்.

முதல் மாதம் எல்லாமே தப்பு.
வரியைத் திறந்தேன், படகின் பெயரை உள்ளே எழுதினேன்,
பிறகு நிறத்தை ஒட்டப் போனேன்.
முடியாது என்றது இயந்திரம்.
பிள்ளை உள்ளே வந்துவிட்டால்
பண்பு சேர்க்கும் வேளை கடந்துவிட்டதாம்.
பக்கத்து மேசை ஹைனி சிரித்தான்:
"பெட்டி நிறைய ஐஸும் மீனும் கொட்டிவிட்டு
அடியில் சீட்டு ஒட்டப் பார்க்கிறாய்."

இன்னொரு நாள் நெளிவடைப்பை மறந்தேன்.
என்ன நிறம் என்று கேட்ட திரைக்கு
என் சூத்திரமே பதிலாய்ப் போனது.
அன்று எல்லாப் படகும் வெள்ளை.

இன்று அதிகாலை நான்கு மணி.
ரீத்தாவுக்கு இன்னும் நேரம் வரவில்லை.
அதில் என் தம்பி ட்ரொண்டூர்.
நேரமே இல்லாத வரிக்கு
நான் நிபந்தனை எழுதி வைத்திருக்கவில்லை.
அது தோன்றவே இல்லை எனக்கு.

அடைப்பை அழித்துவிட்டுப்
பச்சை என்று கையாலேயே போட்டுவிடலாம்.
திரை நம்பும்.
விலை கேட்க வந்தவர்களும் நம்புவார்கள்.
'ப' வரை அடித்தேன்.
அழித்தேன்.
கடல் தரவேண்டிய மதிப்பு அது.

கோப்பை மூடவில்லை.
இரண்டு நெளிவடைப்புகள்,
தண்ணீர் ஏந்தக் குவித்த கைகள் மாதிரி.
நிமிடத்துக்கு ஒருமுறை உருமாற்றம் ஓடியது.
வெள்ளை.
ஓடியது.
வெள்ளை.

ஐந்து ஐம்பத்திரண்டு. மஞ்சள்.
எடை: சுழியம்.
இயந்திரம் நின்று, வலையை அறுத்துவிட்டு,
வேறொரு படகின் கயிற்றில்
இழுபட்டு வந்திருக்கிறான்.

ஹைனி காபி வைத்துவிட்டு
ஒன்றும் பேசாமல் போனான்.
'இழுத்து வரப்பட்டது' என்று
புதிதாக ஒரு நிபந்தனை சேர்த்தேன்.
நிறம்தான் முடிவாகவில்லை.
மேலே வரட்டும், அவனையே கேட்கிறேன்.
படிக்கட்டில் ஈரப் பூட்ஸ் சத்தம்,
இரண்டிரண்டு படியாக.