இரண்டு வீதம்

மார்க்கம் வீதியும் லோறன்சும் வெட்டுகிற மூலையில்
நகைக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே
பதினெட்டு வருஷமாக பேனர் அடிக்கிறேன்.
என்னிடம் ஓர் அன்னம் இருக்கிறது.
ஐந்து டொலர் சிடி ஒன்றில் வந்தது.
கழுத்து கொஞ்சம் கோணல், நானே நிமிர்த்தினேன்.
எழுநூறு சாமத்தியவீடுகளில் நீந்திவிட்டது
ஓர் இறகும் நனையாமல்.

அந்தியேட்டி அட்டைக்கு அன்னம் ஆகாது. அதற்கு மலை.
பனி மூடிய சுவிஸ் மலை, அடியில் மஞ்சள் பூ.
முப்பது வருஷம் எக்ளின்டனில் டாக்சி ஓடிய
பொன்னுத்துரை அண்ணர் அந்த மலையைக் கண்டதேயில்லை.
பாஸ்போட் படத்திலிருந்து வெட்டியெடுத்து
மலைக்கு முன்னால் நிறுத்தினேன்.
அவருடைய மனுசி சொன்னா:
"இப்பதான் ஆள் கொஞ்சம் ஆறுதலா நிக்கிற மாதிரி."

பெப்ரவரியில் அனோஜினி வந்தாள்.
பூட்சிலிருந்து உப்புத் தண்ணீர் வடிய வடிய
பென்டிரைவை மேசையில் வைத்தாள்.
எட்டடிக்குப் பன்னிரண்டு. திறந்தேன்.
சாம்பல். ஓரம்வரை சாம்பல்.
"ஃபைல் பழுதாப் போச்சு, பிள்ளை."
"இல்லை அண்ணை. அதுதான்."
"பேரும் இல்லையோ? திகதி?"
சுவரில் தொங்கிய அன்னத்தைப் பார்த்தாள்,
பலகாரத்தைப் பாதி கடித்துவிட்டு
எங்கே வைப்பதென்று தேடுகிற விருந்தாளி மாதிரி.
"உங்கட படங்கள் பார்க்கிற ஆளுக்கு ஒரு வேலையும் வைக்கிறதில்லை.
எல்லாத்தையும் மென்று ஊட்டிவிடுது."

உண்மைதான்.
இரண்டு வேலை செய்துவிட்டு வருகிற சனம்,
மூன்றாவது வேலை எதற்கு என்று கேட்க வாய் வந்தது.
விலையைச் சொன்னேன்.

ஒன்றுமில்லாததை அடிப்பதுபோலக் கஷ்டம் இல்லை.
முதல் நாள் சாம்பல் பச்சைக்குச் சாய்ந்தது.
மறுநாள் பல் முரசு மாதிரிச் சிவந்தது.
நடுவில் ஒரு கோடு விழுந்தால்
மறைக்க ஒரு ரோசாப்பூ கிடையாது.
இத்தனை காலம் என் பிழைகளை எல்லாம்
ரோசாப்பூதான் மூடியிருக்கிறது என்பது
இரவு ஒரு மணிக்குத் தெரிந்தது.

மூன்றாம் இரவு, கோபமோ குறும்போ,
இடப்பக்க மூலையில் அன்னத்தை இறக்கினேன்.
அடர்த்தி இரண்டு வீதம்.
ஃபிரிட்ஜில் கிடக்கும் பாலும் அதே வீதம்தான்.
பாலைக் குடித்து நீரை விட்டுவிடுமாம்
பாட்டுகளில் வருகிற அன்னம்.
இது கலந்ததைக் கலந்தபடி குடிக்கிற சாதி.

குயின் வீதி மேற்கில் திறப்பு விழா.
குத்துவிளக்கு இல்லை. கதிரையும் இல்லை.
எல்லார் கையிலும் வைன்,
முகத்தில் செத்தவீட்டுக்கு வந்தவர்களின் அடக்கம்.
என் சாம்பலுக்கு முன்னால்
ஒருவர் பதினொரு நிமிஷம் நின்றார்.
மணிக்கூட்டில் பார்த்தேன்.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
சாம்பலுக்கா அன்னத்துக்கா, யாருக்குத் தெரியும்.
சும்மா சொல்லக்கூடாது,
அவர் போனபிறகு அதே இடத்தில் நின்றேன்.
எனக்கும் ஏதோ செய்தது.
பசி என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஏப்ரலில் திரும்பி வந்தாள்.
அது விற்றுப்போச்சாம். இன்னொன்று வேணுமாம்.
"ஃபைலைத் திரும்ப அனுப்புறியோ?"
"வேண்டாம் அண்ணை,
உங்களிட்ட இருக்கிறதையே அடியுங்கோ."
உங்களிட்ட இருக்கிறதை.
நிமிர்ந்து பார்த்தேன்.
முகத்தில் ஒன்றுமில்லை,
எட்டுக்குப் பன்னிரண்டு.

அந்தக் கிழமை ஒரு சாமத்தியவீட்டு பேனர்.
மேலே ஒன்றரை அடி வெறுமனே விட்டிருந்தேன்.
வேணுமென்றுதானா, கை அப்படிப் போனதா,
இன்னும் சொல்லத் தெரியவில்லை.
தாய் வந்தா. திறப்புக்கோர்வையைக் கையில் உருட்டியபடி பார்த்தா.
மணிக்கூட்டைப் பார்த்தேன்.
நாற்பது விநாடி.
"அண்ணை, இதில என்ன போட மறந்தனீங்கள்?"
நான் பேசவில்லை.
"ஒரு கிளி போடுங்கோவன்."

போட்டேன். நூறு வீதம்.
கழுத்து கொஞ்சம் கோணல்,
நிமிர்த்தவில்லை.