உள்ளங்கையில் ஒரு புள்ளி

"உடம்புக்குள்ள இரும்பு ஏதும் கிடக்கோ?"
ஸ்கான் அறை வாசலில் படிவத்தோடு கேட்கிறார்.
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி, காலை ஏழரை.

உள்ளங்கையை விரித்தேன்.
ஏழாம் வகுப்பில்
யசோதினி குத்திய பென்சில்.
கூர் முறிந்து உள்ளே நின்றது.
சவுக்காரம் போட்டுக் கழுவினேன்,
ஊசியால் கிண்டினேன்,
சீழ் பிடித்தது; அது வரவில்லை.
ஈயம் இரத்தத்தில் ஏறிச் சாவேனென்று
கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில்
உயில்கூட எழுதினேன்:
அழிறப்பர் அவளுக்கு இல்லை.

அவர் சிரித்தார்.
"ஈயமில்லை பிள்ளை, கரி.
கிண்டாமல் விட்டிருக்கலாம்.
நோகுதோ? வீக்கமோ?
இல்லையெண்டால் கிடக்கட்டும்."
'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டார்.

அடுத்த கதிரையில் இருந்தவர்
அதே கேள்விக்கு
விரல் மடக்கத் தொடங்கினார்:
தோள், இடுப்பு, முழங்கால்...
பாதியில் நிறுத்தி
என் கையை எட்டிப் பார்த்தார்.
"அது எழுதுமோ?"